நோட்டன் பிரிட்ஜ்காரன் ஒருவனின் படகும் ஒரு நூற்றாண்டின் வானொலியும்

நோர்வேயின் மேற்குக் கரையில் வசிக்கும் எனது பால்ய நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, நான் சற்றும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார். "மச்சான், ஒரு சின்னப் படகு வாங்கியிருக்கிறேன். அதற்கு ரேடியோ ஒன்றும் அன்ரனா ஒன்றும் பூட்ட வேண்டும். எதை வாங்குவது? நீ பேப்பர்காரன், நாலு விசயம் விசாரித்துச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது நோட்டன் பிரிட்ஜில். ஹட்டனிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கினால் தேயிலைக்கும் அணைக்கட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர். பதினைந்து வயது வரை நாங்கள் கடலைப் பார்த்ததே இல்லை. படகு என்றால் நீர்த்தேக்கத்தில் மின்சார சபையினர் ஓட்டித் திரிந்ததைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவர் கடல் வானொலி பற்றிக் கேட்கிறார். கேட்கப்பட்டவனோ பேராதனையில் கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவன்.

ஆயினும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, கடலில் பேசுவதற்கு மனிதன் பட்ட பாட்டின் வரலாறு எங்கள் தீவையும், எங்கள் மலையையும் தொட்டுக்கொண்டே செல்வதைக் கண்டேன். நண்பருக்குச் சொன்ன பதிலைவிட அந்த வரலாறே சுவையானது. அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

இன்று வானொலி என்றால் நமக்குப் பாட்டும் செய்தியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கம்பியில்லாத் தந்தி முதலில் பிழைப்புத் தேடிக்கொண்ட இடம் கடல். தரையில் கம்பி இழுக்கலாம். ஓடும் கப்பலுக்குக் கம்பி இழுக்க முடியாது. மார்க்கோனி 1901 டிசம்பர் 12ஆம் திகதி அத்திலாந்திக்கைக் கடந்து வந்த சமிக்ஞையை நியூபவுண்ட்லாந்தில் கேட்டபோது, அவரது அன்ரனாவைத் தூக்கிப் பிடித்திருந்தது ஒரு காற்றாடி. கருவியைவிட அதன் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே பெரிது என்ற பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

எம்டன் கதையைத் தமிழர்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகள்மீது குண்டு பொழிந்து, பின்னர் இலங்கையைச் சூழ்ந்த கடலில் கப்பல்களை மூழ்கடித்து, கடைசியில் நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட ஜேர்மன் போர்க்கப்பல் அது. அந்த எம்டனை வீழ்த்தியது பீரங்கி மட்டும் அல்ல. ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையமும் கூட. 1914 நவம்பர் 9ஆம் திகதி காலை, கொக்கோஸ் தீவுகளில் உள்ள தந்தி நிலையத்தை அழிக்க எம்டனின் வீரர்கள் கரையிறங்கினர். அவர்கள் வந்து சேர்வதற்குள், நுழைவாயிலில் அந்நியக் கப்பல் ஒன்று நிற்பதாக நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்பிவிட்டனர். எம்டனும் பதில் சமிக்ஞையைக் கேட்டது. ஆனால் அதன் வலுவை வைத்து எதிரி வெகு தொலைவில் இருப்பதாக எண்ணிவிட்டார்கள். உண்மையில் அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி சுமார் 80 கிலோமீற்றர் தூரத்திலேயே, கொழும்பு நோக்கிச் செல்லும் படைக்கப்பல் தொடருக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. சில மணி நேரத்தில் எம்டனின் கதை முடிந்தது. பிழைத்த ஜேர்மன் மாலுமிகளைச் சிட்னி கொழும்புக்குத்தான் கொண்டுவந்தது. (கரையிறங்கிய வீரர்கள் அன்ரனாக் கோபுரத்தை வீழ்த்தும்போது, நிலையத்தாரின் டெனிஸ் மைதானத்தில் விழாதபடி பார்த்து வீழ்த்தினார்களாம். போரிலும் ஒரு காலம் இருந்திருக்கிறது!)

கேட்கும் சத்தத்தின் வலு வேறு, சத்தமிடுபவர் நிற்கும் இடம் வேறு. இந்த வேறுபாட்டை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இது திரும்பவும் வரும்.

எம்டனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே டைட்டானிக் மூழ்கியிருந்தது. 1912 ஏப்ரல் 14ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்றுமுன் பனிப்பாறையில் மோதிய அந்தக் கப்பலின் வானொலி இயக்குநர்கள் ஜாக் பிலிப்ஸ், ஹெரல்ட் பிரைட் இருவரும் விடாமல் செய்தி அனுப்பினர். அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலில் ஒரேயொரு இயக்குநர்; அவர் கருவியை மூடிவிட்டு உறங்கச் சென்றிருந்தார். தொலைவிலிருந்த கார்ப்பாத்தியாதான் கேட்டு விரைந்து வந்து, படகுகளில் மிதந்த எழுநூறுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. இவையெல்லாம் திரைப்படத்திலும் வந்துவிட்டன. அதிகம் பேசப்படாதது வேறொன்று. டைட்டானிக் அறிவித்த இடம் தவறு. 1985இல் அதன் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டபோது, அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 13 கடல்மைல் தள்ளிக் கிடந்தது. பிழையான இடத்தை நோக்கி வந்த கார்ப்பாத்தியா, வழியில் உயிர்காப்புப் படகுகளைக் கண்டது தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி நம் தீவுக்கு வருவோம். இலங்கையில் ஒலிபரப்பு எப்படிப் பிறந்தது தெரியுமா? தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1920களின் முற்பகுதியில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றில் இருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். அதற்கான கருவியை, போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு உருவாக்கினார்கள் என்பது நமது ஒலிபரப்பு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஆசியாவெங்கும் கொடிகட்டிப் பறந்த இலங்கை வானொலியின் தாய்வீடு, ஆக, கடலுக்கு அடியில்!

இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. படையினருக்கென ஒரு வானொலியும் கொழும்பில் நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அந்த வலுமிக்க கருவிகள் இலங்கைக்குக் கிடைத்தன. 1949இல் அது இலங்கை வானொலியானது. அதைப்பற்றி நூறு பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது அதற்கு முன்னர் நடந்த ஒன்றைப்பற்றி.

1942 ஏப்ரல் 4. காலியை அடுத்த கொக்கலை வாவியிலிருந்து ஒரு கற்றலீனா விமானம் தெற்கு நோக்கிப் பறந்தது. நீரில் மிதக்கவும் வானில் பறக்கவும் வல்ல பறக்கும் படகு அது. ஓட்டியவர் கனடிய விமானப்படையின் லெனார்ட் பேர்ச்சல். மாலையில், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படைத் தொகுதியைக் கண்டார். அவரது வானொலி இயக்குநர் எதிரியின் இடம், செல்லும் திசை, வேகம் ஆகியவற்றை அனுப்பத் தொடங்கினார். அந்நாளைய வழக்கப்படி செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும். முடிப்பதற்குள் ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. பேர்ச்சல் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஆயினும் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல வெளியேறுவதற்கு அந்தச் செய்தி நேரம் கொடுத்திருந்தது. அச்செய்தியில் வீரமோ வேண்டுதலோ இல்லை. "இன்ன இடம்" என்பது மட்டும் இருந்தது. அது போதுமாக இருந்தது.

இவ்வளவையும் எழுதும்போது என் நினைவு எங்கள் ஊர் மலைக்கே திரும்புகிறது.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு. எனக்கு அப்போது நான்கு வயதும் நிறையவில்லை. பார்த்ததாக நினைவில்லை, கேட்டே வளர்ந்தேன். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம், இரவு பத்து மணியளவில் எங்கள் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. 182 யாத்திரிகர்களும் 9 பணியாளர்களும், ஆக 191 பேர். ஒருவரும் தப்பவில்லை. தோட்டத்து மக்கள்தான் தீப்பந்தங்களோடும் டோர்ச் லைட்டுகளோடும் முதலில் மலையேறினார்கள் என்று அப்பா சொல்வார். அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜ் பகுதியில் நினைவாக வைக்கப்பட்டது. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்.

அந்த விமானத்தில் வானொலி பழுதாகவில்லை. கொழும்புக் கட்டுப்பாட்டோடு அது பேசிக்கொண்டே வந்தது. கீழிறங்க அனுமதியும் பெற்றது. விமானிகள் தாங்கள் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நம்பினார்கள். உண்மையில் கட்டுநாயக்காவுக்குக் கிழக்கே 40 கடல்மைல் தொலைவில், மலைகளின் மேல் இருந்தார்கள். விமானத்திலிருந்த இடங்காணும் கருவிகள் காட்டியதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஒருவர் எங்கே இருப்பதாக நம்புகிறாரோ அதைத்தான் வானொலி கொண்டுசெல்லும். எங்கே இருக்கிறார் என்பதை அது அறியாது. குறைந்தபட்சம் அன்று அறியாது.

அந்நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு வானொலிப் பெட்டி இருந்தது. அப்பா தோட்டப் பாடசாலை ஆசிரியர். கண்ணெதிரே அணை, 1965இல் இயங்கத் தொடங்கிய, விமலசுரேந்திராவின் பெயர்தாங்கிய மின்நிலையம் இதே நோட்டன் பிரிட்ஜில். எங்கள் மலையின் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தது. மலையைச் சுற்றிய லயங்களில் குப்பி விளக்கு எரிந்தது. பெட்டிக்குப் பெரிய பற்றரி வாங்க வேண்டும். வீட்டுக் கூரையிலிருந்து சவுக்கு மரம்வரை செப்புக்கம்பி இழுத்து அன்ரனா. மழைக்காலத்தில் கம்பி அறுந்தால், மரமேறிக் கட்டுவது மூத்த பிள்ளையான என் வேலை. இரவானால் திருச்சி வானொலி கணீரென்று கேட்கும். பின்னாளில் பண்பலை வானொலி வந்தபோது, ஹட்டனில் கேட்பது எங்கள் பள்ளத்தில் கேட்கவில்லை. கடல் தாண்டிய திருச்சி வருகிறது, பக்கத்து மலையின் கோபுரம் வரவில்லை! ஏன் என்று அப்போது விளங்கவில்லை. நண்பரின் கேள்விக்கு விடை தேடும்போதுதான் விளங்கியது.

மத்திய அலையும் சிற்றலையும் இரவில் வளிமண்டலத்தின் மேற்படையில் பட்டுத் தெறித்துத் தொலைதூரம் செல்லும். பண்பலையோ ஒளியைப் போல, பார்த்த நேருக்குச் செல்லும். மலை நின்றால் நிழல் விழும். சிறுபடகுகள் பயன்படுத்தும் வி.எச்.எப். கடல் வானொலியும் இந்த இரண்டாம் சாதி. அதன் அபாய அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸில் இருக்கிறது. கடலில் மலை இல்லையே என்று கேட்கலாம். உலகம் உருண்டை அல்லவா? அதன் முதுகே மலை.

கணக்கு எளிது. அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அதன் வானொலித் தொடுவானம் கிலோமீற்றரில் வரும். இரு பக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு மீற்றர் உயர அன்ரனா உள்ள இரு படகுகள் சுமார் 16 கிலோமீற்றர் வரையில் பேசலாம். கையடக்கக் கருவியோடு தாழ்ந்த வள்ளத்தில் உட்கார்ந்திருப்போர் இருவர் என்றால் 8 கிலோமீற்றரே கிடைக்கும். அதே நான்கு மீற்றர் படகு, 400 மீற்றர் மலையுச்சியிலுள்ள கரை நிலையத்தோடு 90 கிலோமீற்றர் வரை பேசலாம். வலுவைக் கூட்டினால் தொடுவானம் நகராது. சட்டம் அனுமதிக்கும் உச்சவலு 25 வாற்தான். அதற்கு மேல் கிடைத்தாலும் பெரும் பயன் இல்லை.

நண்பருக்குக் கடைக்காரர் ஒருவர், நீளமான, 9 டெசிபல் பெருக்கம் கொண்ட அன்ரனாவை வாங்கச் சொன்னாராம். அதிகம் என்றால் நல்லது என்பது கடைக்கணக்கு. அன்ரனா சக்தியை உற்பத்தி செய்வதில்லை; மேலும் கீழும் போவதைப் பிடுங்கிப் பக்கவாட்டில் ஒரு தட்டையான வட்டமாகப் பரப்புகிறது. பெருக்கம் கூடக்கூட வட்டம் தட்டையாகும். பெரிய கப்பல் அதிகம் ஆடாது, அதற்குச் சரி. சிறுபடகு அலையில் சாயும்போது அந்தத் தட்டு ஒருபுறம் வானத்தையும் மறுபுறம் தண்ணீரையும் பார்க்கும். பேச்சு அறுந்து அறுந்து போகும். ஒரு மீற்றர் அளவான 3 டெசிபல் அன்ரனா சிறுபடகுக்கு ஏற்றது. அதுவும் நோர்வேயில், இருபுறமும் மலைச்சுவர் எழுந்த நீண்ட கடற்கழிகளில், கரை நிலையங்கள் பல மலைமேல் இருக்கின்றன. கீழிருந்து மேலே பேச வேண்டியவனுக்குத் தட்டையான வட்டம் எதற்கு? "நீ நோட்டன் பிரிட்ஜைவிட்டு வெளியே வரவே இல்லையடா, அங்கே தேயிலை இல்லை, அவ்வளவுதான்" என்றேன்.

கேபிளிலும் சிக்கனம் பார்க்கக்கூடாது. மெல்லிய கேபிளில் பத்து மீற்றர் ஓடினால் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். இணைப்புகளில் உப்புநீர் புகாமல் கட்ட வேண்டும். பூட்டிய கருவி 25 வாற்றில் பேசும்போது 12 வோல்ற் பற்றரியிலிருந்து ஐந்தாறு அம்பியர் இழுக்கும். பற்றரி நனைந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே நீர்புகாத கையடக்கக் கருவி ஒன்று உடலோடு இருக்க வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் இரண்டாம்பட்சம். நான் அவரிடம் முதலில் வற்புறுத்தியது வேறொன்றை. இப்போதைய கருவிகளில் டி.எஸ்.சி. என்ற வசதி உண்டு. மூடியிட்ட சிவப்புப் பொத்தானைத் திறந்து சில விநாடிகள் அழுத்தினால், 70ஆம் அலைவரிசையில் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். காட்டும் இடமும் தாமாகவே செல்லும். எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: இலங்கைக்கு 417, இந்தியாவுக்கு 419, நோர்வேக்கு 257 முதல் 259 வரை. பேசத் தெம்பில்லாதவனின் இடத்தையும் அது சொல்லும். டைட்டானிக்கிலும் எங்கள் மலையிலும் இல்லாமற்போனது அதுதான். ஜி.பி.எஸ். வெளியே இருந்தால் கம்பியால் இணைக்க வேண்டும். எண்ணைப் பதிந்து கருவியில் ஏற்ற வேண்டும். கருவியை வாங்கிவிட்டு இந்த இரண்டையும் செய்யாமல் விடுவோர் ஏராளம் என்கிறார்கள். அப்படியானால் அது விலையுயர்ந்த வாய்.

ஒரு நூற்றாண்டில் பெரிய கப்பலுக்கு எல்லாம் கிடைத்தது. டைட்டானிக்குக்குப் பின் 1914இல் சர்வதேச உடன்படிக்கை. 1999 பெப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் அபாய முறைமை. செய்மதி வழி இடங்காட்டி. ஆனால் அந்த முறைமை கட்டாயமாவது பயணிகள் கப்பல்களுக்கும் 300 தொன்னுக்குக் குறையாத சரக்குக் கப்பல்களுக்கும். மீன்பிடிப் படகு அதற்குள் வராது. அதாவது யார் அதிகம் மூழ்குகிறார்களோ அவர்கள் வெளியே.

வடக்கில் போர்க்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். யாழ்ப்பாணத்தார் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அங்கே ஒரு மீனவரின் வள்ளத்தில் பேசும் கருவி இருந்தால் அவரை யாரென்று நினைப்பார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. தெற்கிலோ 2011 நவம்பரிலும் 2013 ஜூனிலும் திடீர்ப் புயலில் மீனவர்கள் பலர் மாண்டபோது, எச்சரிக்கை ஏன் படகுக்குப் போய்ச்சேரவில்லை என்ற கேள்வி எழுந்தது. நெடுநாட் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பரவலாக வந்தது, ஐரோப்பிய ஒன்றியம் சட்டவிரோத மீன்பிடியைக் காரணம்காட்டி 2015 ஜனவரி முதல் நம் மீனைத் தடை செய்த பின்னர்தான். மீன் விற்க வேண்டுமென்றால் படகு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தடை 2016இல் நீங்கியது. மீனவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு அதுவரை அத்தனை அவசரம் இருக்கவில்லை.

அக்கரையில் 2017 நவம்பர் 30ஆம் திகதி ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் வெகுதூரம் சென்று பல நாட்கள் தங்கி மீன்பிடிப்பவர்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எப்போதோ கரையைவிட்டுப் போயிருந்தார்கள். படகுக்குப் படகு பேச வி.எச்.எப். இருந்தது, கரைக்கு எட்டவில்லை. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால் எட்டாது என்பது விளங்கும். அவ்வளவு தூரத்துக்குச் சிற்றலைக் கருவியோ செய்மதியோ வேண்டும். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்களை இழந்தன. அதன் பிறகே, 2019இல், செய்மதி வழியாக ஆழ்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்ற கருவியை இந்திய அரசு அறிமுகம் செய்தது. அதிலும் அன்றைய நிலையில் கரையிலிருந்து கேட்கத்தான் முடியும். படகிலிருந்து பதில் சொல்ல முடியாது.

நண்பர் 3 டெசிபல் அன்ரனாவையே வாங்கினார். படகின் சிறு கூரைமேல் கம்பம் நட்டு, தண்ணீரிலிருந்து நான்கு மீற்றர் உயரத்தில் பூட்டியிருக்கிறார். அனுமதிப் பத்திரத்துக்கான பரீட்சை அடுத்த மாதம். சோதித்துப் பார்க்க 16ஆம் அலைவரிசையில் சும்மா பேசவேண்டாம், வேறு அலைவரிசையில் பேசுங்கள் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

கம்பத்தில் ஏறி அன்ரனாவைக் கட்டியது யார் என்று கேட்டேன். மகனைக் கேட்டாராம், அவனுக்கு உயரம் என்றால் பயம். ஐம்பத்தைந்து வயதில் தானே ஏறியிருக்கிறார்.